இருப்பு எண் 31: மைக்

ஆபிரகாமின் வீட்டில் எண் போடாதவை மூன்றுதான்: குடும்ப பைபிள், மகள் ஜூலியா, மனைவி லூசி. மற்றதெல்லாம் பதிவேட்டில் ஏறியவை.

ஒரு மத்திய அமைச்சகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக மேஜை, நாற்காலி, மின்விசிறி எண்ணி வருபவர் அவர். டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்குள் எந்தப் புதுப் பொருள் நுழைந்தாலும், பெட்டியைப் பிரித்த கையோடு ஒரு வெள்ளைச் சீட்டு நறுக்கி, இருப்பு எண், தேதி, தன் சுருக்கொப்பம் மூன்றையும் எழுதி, பொருளின் மேல் ஒட்டி, அதன்மேல் செலோடேப்பையும் சுற்றிவிடுவார். ஃப்ரிட்ஜ் நான்கு. மிக்ஸி ஒன்பது. குக்கர் பதினொன்று, அதன் சீட்டு ஆவியில் மூன்று முறை உரிந்து நான்காம் முறையாக ஒட்டப்பட்டிருந்தது. இரவல் போகும் பொருளுக்கும் அலுவலக முறைதான். வாசலைத் தாண்டுமுன் ‘திரும்ப வரும்’ அல்லது ‘திரும்ப வராது’ என்று ஒரு சீட்டு. மாடிவீட்டுக் கோபாலனுக்கு இட்லிக் கொப்பரை போனபோதுகூட அதன் மூடியில் ‘திரும்ப வரும்’ என்று இருந்தது. கோபாலன் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

லூசி ஆரம்பத்தில் சண்டை போட்டாள். பிறகு விட்டுவிட்டாள். சுவரின் சுண்ணாம்பைப்போல அந்தச் சீட்டுகளும் நாளடைவில் அவள் கண்ணில் படாமலே போய்விட்டன.

இப்போது அவளுக்கு வேறு கவலை. டெல்லியின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் பதினேழு வருடமாக நர்ஸ். ஒரு கட்டிலுக்கு இரண்டு நோயாளி, நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ் என்றே காலம் ஓடிவிட்டது. அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று, முன்பு அவளோடு வேலை பார்த்தவள் ஒருத்தி கடிதம் எழுதியிருந்தாள். அதைப் படித்த நாளிலிருந்து லூசிக்கு அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அப்படி வேலை செய்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. இரண்டு வருட ஒப்பந்தம். தேர்வு நடக்கும் நாளில் நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு நாற்பத்துநான்கு முடிந்து பத்து மாதம்.

நேர்முகத் தேர்வு வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாக. அதற்காகவே ஆபிரகாம் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு பிளேஸ் போய் ஒரு கேமராவும் (இருப்பு எண் 30), மேஜையில் நிற்கும் மெல்லிய கழுத்துள்ள ஒரு மைக்கும் (இருப்பு எண் 31) வாங்கி வந்தார்.

திங்கட்கிழமை முதல் முயற்சி. அயர்லாந்துக்காரர்கள் லூசியைப் பார்த்தார்கள், கேட்கவில்லை. அவள் வாயசைப்பதைப் பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டுப் போய்விட்டார்கள். ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. வியாழக்கிழமை மதியம் இரண்டரைக்கு இன்னொரு வாய்ப்பு. அப்போதும் குரல் வராவிட்டால் பட்டியலில் பெயர் இருக்காது.

அன்று மாலையே கோபாலன் வந்தார். அவருடைய அமைச்சகத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் பயிற்சி முடித்தவர். அந்தப் பயிற்சி நோட்டுப் புத்தகத்தோடுதான் வந்தார்.

“டிரைவர் போயிடுத்து சார்,” என்றார் உட்கார்ந்த உடனே.

“எங்க போச்சு?” என்று கேட்டாள் லூசி.

“போகலை மாமி. உள்ளேதான் இருக்கு. ஆனா வேலை செய்யலை.”

“எங்க ஆஸ்பத்திரியில பாதிப்பேரு அப்படித்தான்.”

மைக்கை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கோபாலன் எடுத்தார், போட்டார். செவ்வாய்க்கிழமை மறுபடி எடுத்தார், போட்டார். அந்தப் போக்கில் ஜூலியாவின் கல்லூரிக் கட்டுரை ஒன்றும் போய்விட்டது. அது திரும்ப வரவில்லை. கம்ப்யூட்டரின் பின்புறம் பச்சைத் துளையில் ஸ்பீக்கர், ரோஜா நிறத் துளையில் மைக் என்று மூன்று முறை சரிபார்த்தார்கள். ஒலி அளவுப் பெட்டியில் மைக்குக்கு நேரே ‘ம்யூட்’ கட்டம் காலியாக இருப்பதை ஜூலியா நான்கு முறை காட்டினாள்.

“பப்பா, தேக்கோ நா. ம்யூட் நஹி ஹை. எல்லாம் டீக் ஹை. மைக்தான் கராப்.”

“கராப் எப்படி ஆவும்? கடையில எம் முன்னாலதான ஹலோ ஹலோன்னு பேசிக் காட்டுனான். நல்லாத்தான கேட்டுச்சு,” என்றார் ஆபிரகாம்.

“அப்ப நாளைக்குக் கொண்டு போய் மாத்திக்கிட்டு வாங்க,” என்றாள் லூசி.

ஆபிரகாம் பதிவேட்டைத் திறந்தார். “பதிவேட்டுல ஏத்தியாச்சே. ஏத்துன பொருள பழுதுன்னு கழிக்கணும்னா மூணு பேரு கமிட்டி உக்காரணும்.”

“நாம மூணு பேருதான இருக்கோம்?”

இந்த வாதம் அவருக்கு நியாயமாகப் பட்டது. புதன்கிழமை இரவு கமிட்டி கூடியது, மூவரும் கையெழுத்திட்டார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு மைக்கைப் பையில் போட்டுக்கொண்டு ஆபிரகாம் செருப்பை மாட்டும்போதுதான் ஜூலியா காலண்டரைப் பார்த்தாள். அக்டோபர் இரண்டு. காந்தி ஜெயந்தி. நேரு பிளேஸில் ஒரு கடையும் திறந்திருக்காது. அயர்லாந்தில் காந்தி ஜெயந்தி கிடையாது.

ஒரு மணியிலிருந்தே நான்கு பேரும் கம்ப்யூட்டரைச் சுற்றி இருந்தார்கள். லூசி கஞ்சி போட்ட வெளிர்நீலப் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒலிப்பதிவுப் பெட்டியை ஜூலியா திறந்துவைத்தாள். கறுப்புக் கட்டத்தின் நடுவே ஒரு பச்சைக் கோடு. பேசினால் அது துள்ள வேண்டும். லூசி பேசினாள். கோபாலன் பேசினார். ஆபிரகாம் மைக்கை வாயருகே வைத்து, ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கும் குரலில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணினார். கோடு அசையவில்லை.

“எங்க வார்டுல இப்படி ஒரு கோடு வந்தா,” என்றாள் லூசி, “நாங்க மெசினப் பாக்க மாட்டோம். வீட்டாளுகளக் கூப்பிட்டுச் சொல்லிருவோம்.”

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

சரியாக இரண்டரைக்குப் படம் வந்தது. நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்த ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடி சங்கிலியில் மார்பில் தொங்கியது. தலைமை நர்ஸ். நான்கு விநாடிக்கு ஒருமுறை படம் நின்று நின்று நகர்ந்தது. அவர் குரல் மட்டும் ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது. வணக்கம் சொன்னார். லூசியும் சொன்னாள். அந்தப் பெண்மணி காதில் கைவைத்துத் தலையாட்டினார். இன்றைக்கும் கேட்கவில்லை, வருத்தமாக இருக்கிறது, ஐந்து நிமிடம் காத்திருக்கிறேன், அடுத்த ஆள் வரிசையில் இருக்கிறார் என்றார்.

ஆபிரகாம் மேஜைக்கடியில் புகுந்தார். “புடுங்கி மறுபடி சொருகுதேன்!”

“பப்பா, அது ஸ்பீக்கர் வயர். மத் நிகாலோ, புடுங்காதீங்க.”

“டிரைவரை இன்னொரு தரம்...” என்று கோபாலன் நோட்டைப் புரட்டினார்.

லூசி கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் போயிருந்தது. பேச வழியில்லாதவள், வேறு எதுவும் தோன்றாமல், மைக்கைத் தூக்கிக் கேமராவுக்கு நேரே காட்டினாள், டாக்டரிடம் தெர்மாமீட்டரைக் காட்டுவதுபோல. இதுதான், இதுதான் கெட்டுப்போனது என்று விரலால் தட்டினாள்.

அந்தப் பெண்மணி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, திரை முழுக்க மூக்காகத் தெரியும்வரை குனிந்தார். அதன் அடிப்பாகத்தில் என்ன அது, கட்டுப் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்.

“ஸ்டாக் நம்பர், மேடம்,” என்று மேஜைக்கடியிலிருந்து பதில் வந்தது. அது அயர்லாந்தை எட்டவில்லை.

எங்கள் அலுவலகத்திலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, என்றார் அவர். அந்தக் காகிதம் இருக்கிற இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்.

மூன்று நாளாக அந்த மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கோபாலன் இப்போது ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தார். ஆபிரகாம் எழுந்த வேகத்தில் மேஜை விளிம்பில் தலையை இடித்துக்கொண்டார்.

“அந்தக் கடைக்காரன்,” என்றார் தலையைத் தடவியபடி, “பேசிக் காட்டிட்டு, பையில போடுததுக்கு முன்னால பெருவிரலால டிக்குனு என்னமோ செஞ்சாம்.”

மைக்கை வாங்கிச் செலோடேப்பின் நுனியை நகத்தால் தேட ஆரம்பித்தார். “மெள்ள எடுக்கணும். சீட்டு கிழிஞ்சிரப்பிடாது.”

“இங்க தாங்க.”

பதினேழு வருடமாக நோயாளிகளின் மேலிருந்து பிளாஸ்டர் உரித்த கை அது. மெதுவாக இழுத்தால்தான் வலிக்கும் என்பது அதற்குத் தெரியும். ஒரே இழுப்பு. இருப்பு எண், தேதி, சுருக்கொப்பம் எல்லாம் சேர்ந்து வந்தன. அடியில், நகக்கண் அளவுக்கு, ஒரு கறுப்பு சுவிட்ச். லூசி அதைத் தள்ளினாள்.

தள்ளிவிட்டு, கேமராவை மறந்து, புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். தான் போவதில் அவருக்கு விருப்பமில்லையோ என்று நான்கு நாளாக உள்ளே வைத்திருந்த சந்தேகம் வெளியே வந்துவிட்டது.

“நான் போகப்பிடாதுன்னு வேணும்னே ஒட்டுனியளா?”

ஆபிரகாமின் முகம் அடிவாங்கியதுபோல ஆனது. “ஏ லூசி, வேணும்னு செய்யுதவன் அதுல தேதி போட்டுக் கையெழுத்துமா போடுவான்?”

ஜூலியா அம்மாவின் தோளைத் தொட்டாள். “மம்மி. லைன்.”

பச்சைக் கோடு குதித்துக்கொண்டிருந்தது. எல்லாம் நன்றாகக் கேட்கிறது, என்றது ஸ்பீக்கர். இது என்ன மொழி? அவரிடம் என்ன கேட்டீர்கள்?

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கான ஆங்கிலம் அவளுக்குச் சட்டென்று வரவில்லை; உண்மைக்கான ஆங்கிலம்தான் வந்தது. நான் போகக்கூடாது என்று வேண்டுமென்றே செய்தாரா எனக் கேட்டேன் என்றாள். அவர் என்ன சொன்னார் என்றது ஸ்பீக்கர். குற்றவாளி கையெழுத்துப் போட மாட்டான் என்கிறார், என்றாள் லூசி.

படம் அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்த அந்த முகத்தை லூசி பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றது படமா, தன் அயர்லாந்தா என்று தெரியவில்லை. முதலில் சிரிப்புச் சத்தம் வந்தது. சிரிக்கும் முகம் பின்னால் வந்து சேர்ந்தது.

தேர்வு இருபத்தைந்து நிமிடம் நடந்தது. மருந்தளவு, வெண்டிலேட்டர், கிருமித் தடுப்பு. கடைசியில், நோயாளியின் உறவினர் ஒருவர் நல்லது செய்வதாக நினைத்து உபகரணத்தில் கைவைத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் அந்தப் பெண்மணி. முதலில் அதைச் சரிசெய்வேன், பிறகு நோயாளியைப் பார்ப்பேன், மூன்றாவதாகத்தான் அவரோடு பேசுவேன் என்றாள் லூசி. சற்று யோசித்து, இன்றைக்கு மூன்றாவதை இரண்டாவதாகச் செய்துவிட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

இணைப்பைத் துண்டித்ததும் கோபாலன் நோட்டை மூடினார். “நான் அப்பவே சொன்னேனோல்லியோ, ஹார்ட்வேர் பிராப்ளம்னு?”

“அங்கிள், ஆப் தோ டிரைவர்னுதான சொன்னீங்க,” என்றாள் ஜூலியா.

“டிரைவரும் உண்டு,” என்றவர் காபி இருக்கிறதா என்று கேட்டார்.

மூன்று வாரம் கழித்துத் தேர்வுக் கடிதம் வந்தது. ஆபிரகாம் அதை இரண்டு முறை படித்து, வந்த தேதியை மூலையில் குறித்து, ‘நல்லது’ என்று மட்டும் சொன்னார். முப்பத்தொன்றாம் எண்ணுக்கு நேரே ‘பழுது’ என்று எழுதியிருந்ததை அடித்து, ‘பழுதில்லை’ என்று திருத்தி, லூசியிடமும் ஜூலியாவிடமும் மறுபடி கையெழுத்து வாங்கினார். புதுச்சீட்டு ஒட்டவில்லை. பக்கத்தில் நரேலாவிலோ ஆக்ராவிலோ தான் இருப்பதுபோல நினைத்துக்கொள்ளச் சொல்லி லூசி சமாதானம் பேசினாள். அவர் கேட்டுக்கொண்டார். எங்கு எந்தச் சாமான் இருக்கிறது, எந்த அடுப்புக் குமிழ் இறுகும், ஜூலியாவுக்கு எந்த மாத்திரை ஆகாது என்று அவள் சொல்வதை எல்லாம் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டார்.

ஜனவரியில், விமானத்துக்கு முந்தைய மாலை, லூசி புதுப் பெட்டியை மூடப் போனாள். கைப்பிடிக்குக் கீழே வெள்ளைச் சீட்டு. மேலே இரண்டு சுற்றுச் செலோடேப். எண் எதுவும் இல்லை. ‘திரும்ப வரும்’ என்று மட்டும் எழுதி, தேதி போட்டு, கையொப்பம் இட்டிருந்தது. சுருக்கொப்பம் இல்லை, முழுக் கையெழுத்து.

அவள் குனிந்து, சீட்டு பூட்டை மறைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். மறைக்கவில்லை.