பக்காரேயின் பேரில் ஒரு ஓட்டு

லவானி தன் அண்ணன் பக்காரேயின் வலது காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அண்ணி ஹுமுவானி தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

பக்காரே விடிகிற நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தார். நாலு நாள் காய்ச்சல். ஊற்றியது கிணற்றுத் தண்ணீர். அரசாங்கக் குழாய்த் தண்ணீர் செத்தாலும் தன் மேல் படக்கூடாது என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தார். தண்ணீர் வரி போட்ட வெள்ளைக்காரன் மேல் அவ்வளவு கோபம். கோபப்பட்டதோடு சரி. துணிக்கடையை அடைத்துவிட்டுத் தெருவில் இறங்கிக் கத்தியது ஹுமுவானிதான்.

"கதவை ஏன் சாத்துறீங்க அண்ணி? பள்ளிவாசல் ஆல்ஃபாவுக்குச் சொல்லி அனுப்பணும். பொழுது சாயறதுக்குள்ள அடக்கணும்."

"அடக்கலாம். அதுக்கு முன்னாடி ஓட்டுப் போடணும்."

"யாரு?"

"அவருதான்."

லவானி கையிலிருந்த சுரைக்குடுவையைக் கீழே வைத்தான். அண்ணிக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று பார்த்தான். அவள் கண் தெளிவாகத்தான் இருந்தது. கடையிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துணியை மடியில் போட்டுக் கோடித்துணிக்கு அளந்துகொண்டிருந்தாள். அளவில் பிசகவில்லை. உள்ளறையில் இரண்டு மகள்களும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் வெளியே போனால் தெரு கூடிவிடும். தெரு கூடினால் ஓட்டுச்சாவடிவரை செய்தி போய்விடும்.

லாகோஸ் ஆண்கள் கவர்னர் சபைக்கு ஆள் அனுப்பப்போவது அன்றுதான் முதல் தடவை. எல்லா ஆண்களும் இல்லை. வருஷத்துக்கு நூறு பவுன் சம்பாதிக்கிறவர்கள் மட்டும். தோணி தள்ளும் லவானிக்கு ஓட்டு இல்லை.

"நீங்க போய் அவர் பேரைச் சொல்லிப் போட்டுட்டு வாங்க" என்றாள் ஹுமுவானி. "ஒரே ஜாடை. கன்னத்துல ஒரே குலக்கீறல். எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

"கண்டுபிடிச்சா ஜெயிலு. எதுக்கு? சபையில கவர்னர் நாப்பது அம்பது நாற்காலி போட்டிருக்கான். லாகோஸுக்கு மூணு. மிச்சத்துல பாதிக்கு மேல அவன் ஆளு. தோணில அத்தனை பேரும் ஒரு பக்கம் உக்காந்தா, மூணு பேர் இந்தப் பக்கம் உக்காந்து என்ன கிழிக்கப் போறாங்க?"

"நேத்துவரைக்கும் தோணிலயே ஏத்தலையே."

லவானி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டான். "அண்ணன் ஆசைப்பட்டாரா?" என்று கேட்டான்.

"அவருக்கு என்ன ஆசை? கடை வாசல்ல உக்காந்து கோலாக் கொட்டை மென்னாரு. நூறு பவுன் யார் சம்பாதிச்சது? துணியை அளந்தது யாரு, கிழிச்சது யாரு? பேர் எழுத வந்தவன்கிட்ட என் பேரை எழுதுன்னேன். சிரிச்சான். அவர் பேரை எழுதிட்டுப் போனான்." துணியைப் பல்லால் கடித்து நேராகக் கிழித்தாள். "அது என் ஓட்டு."

லவானி அண்ணன் முகத்தைப் பார்த்தான். அவர் மறுத்துப் பேசவில்லை. உயிரோடு இருந்தாலும் பேசியிருக்க மாட்டார்.

"செத்தவர் பேரை என் பேருன்னு சொல்லச் சொல்றீங்க."

"கல்யாணமாகி வந்த நாளா, புருஷன் தம்பிங்கிற முறைக்கு உங்களைச் சின்னப் புருஷர்னுதானே கூப்பிடுறேன். ஒரு நாளைக்குப் பெரிய புருஷரா இருங்க, பாப்போம்."

எழுந்து ஆணியிலிருந்து பக்காரேயின் நீலத் தொப்பியைக் குச்சியால் தள்ளி எடுத்தாள்.

"அவர் உயரம் எனக்கு இல்லையே அண்ணி."

"உக்காந்திருக்கிறவனுக்கு எல்லாரும் உயரம்தான். சீட்டுல நம்ம ஆளுங்க பேரு மேலேருந்து ஒண்ணு, மூணு, நாலு. பக்கத்துல பெருக்கல் போடுங்க. சொல்லுங்க."

"ஒண்ணு, மூணு, நாலு."

தொப்பி பெரிதாக இருந்தது. காதில் இடித்தது. வழியெல்லாம் ஒண்ணு மூணு நாலு என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். ஓட்டுச்சாவடியில் அவனுக்கு முன்னால் கோட்டுப் போட்ட வக்கீல்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் இவனுடைய வெறுங்காலைப் பார்த்துவிட்டுக் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா உள்ளூர்க்காரன்தான். நிமிராமலே கேட்டான்.

"பேரு?"

லவானி தொப்பியைக் காதுக்கு மேலே தள்ளிக்கொண்டான். "பக்காரே" என்றான். "துணிக்கடை பக்காரே."

குமாஸ்தா நிமிர்ந்தான். "ஹுமுவானி அம்மா வீட்டுக்காரரா? என் பெண்டாட்டி அங்கதான் துணி எடுப்பா. உங்களுக்குக் காய்ச்சல்னு சொன்னாளே. இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப வலி இல்ல" என்றான் லவானி.

"அல்லா காப்பாத்துவான்" என்று சொல்லிவிட்டு, குமாஸ்தா பட்டியலில் விரலை ஓட்டினான். விரல் ஒரு இடத்தில் நின்றது. பேனாவை மையில் தோய்த்து, அளவுகோலை வைத்து, அந்தப் பேரின் மேல் ஒரு கோடு இழுத்தான். லவானிக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அதுதான் அண்ணன் பேர் என்று தெரிந்தது. மை காயும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

"அங்கே போய்ப் போடுங்கய்யா. பின்னாடி ஆளு நிக்குது."

ஒண்ணு. மூணு. நாலு. போட்டான்.

திரும்பி வந்தபோது அண்ணனை வெள்ளைத் துணியில் சுற்றி முடித்திருந்தாள். முகத்தை மட்டும் மூடாமல் விட்டிருந்தாள்.

"போட்டாச்சா?"

"போட்டேன். பேர் மேல கோடு இழுத்துட்டான்."

அவள் சுற்றிய துணியின் விளிம்பை விரலால் நீவினாள். "நேரா இழுத்தானா?"

"நேராத்தான். அளவுகோல் வச்சு."

ஹுமுவானி தலையை ஆட்டினாள். துணியின் மிச்சத்தை மடித்து ஓரமாக வைத்தாள். எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். வாசற்படியில் நின்று, முக்காட்டை இழுத்து எறிந்துவிட்டு, முதல் குரலை எடுத்தாள். உள்ளறையிலிருந்து மகள்கள் சேர்ந்துகொண்டார்கள். எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது.

லவானி தொப்பியைக் கழற்றினான். உள்ளே அவன் வியர்வையில் நனைந்திருந்தது. திருப்பிப் பிடித்துச் சட்டையில் துடைத்தான். குச்சியை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. குதிகாலைத் தூக்கி, கையை நீட்டி, ஆணியைத் தேடினான். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் எம்பினான்.