வெளியே போகக் கூடாத கிளை

"இப்ப ஆத்தைத் தாண்டுறோங்க. தண்ணி இல்ல, பயப்படாதீங்க" என்று மடியிலிருந்த இலந்தைக் கிளையிடம் சொன்னாள் அல்சீரா.

அவள் கணவன் ஜொசேஃபாவை நேற்றே புதுக் குடியிருப்பில் புதைத்தாகிவிட்டது. ஆனால் உயிர் போனது வனவிலங்குக் காப்பகத்துக்குள். மூன்று நாடுகள் கூடி விலங்குகளுக்காக எல்லையைத் திறந்தபோது, நடுவில் இருந்த அவர்கள் ஊரை மட்டும் பெயர்த்து வெளியே போட்டார்கள். ஜொசேஃபாவுக்கு மனசு கேட்கவில்லை. புதர் மண்டிய தன் பழைய சோளக்காட்டைப் பார்க்கப் போனவரை யானை மிதித்துவிட்டது.

அவர்கள் வழக்கப்படி, செத்தவர் விழுந்த இடத்தில் முள்கிளையை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆவியை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வீடு சேரும்வரை கிளையைச் சுமப்பவள் அதனோடு மட்டும்தான் பேசலாம். வேறு யாரிடமாவது வாய் திறந்தால் ஆவி அங்கேயே இறங்கிவிடும். அப்புறம் எத்தனை கிளை கொண்டுபோனாலும் வராது.

வண்டியை ஓட்டி வந்த கொழுந்தன் ஃபெனியாஸ் காப்பகத்தின் வாசல் தடுப்பின் முன் நிறுத்தினான். காவலாளி எட்டிப் பார்த்தான். அவள் மடியைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது.

"செடிகொடி எதுவும் வெளிய போகக் கூடாதுண்ணே."

"எங்க வீட்டுல இருந்து கொண்டுவந்த கிளைடா. காலையில உள்ள விட்டவனைக் கேளு."

"அவன் ஷிஃப்ட் முடிஞ்சு போயிட்டான்."

"அடுத்த நாட்டு யானை பாஸ்போர்ட் இல்லாம வருது. அதுக்காக வேலியையே பிடுங்கிப் போட்டீங்க. எங்கண்ணன் வீட்டுக்குப் போக உங்கிட்ட சீட்டு வாங்கணுமா?"

"எனக்குத் தெரியாதாண்ணே? எங்கப்பனையும் இந்த முள்ளுலதான் கூட்டியாந்தோம். மேல கேமரா இருக்கு. ரெண்டு கட்டு விறகை விட்டதுக்கு ஒருத்தனை வேலையை விட்டே தூக்கிட்டாங்க. எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு."

பின்னால் சுற்றுலா வண்டிகள் ஹாரன் அடித்தன. காவலாளி வண்டிக் கதவைத் திறந்து கை நீட்டினான்.

"கொடுத்துடாதீங்க அண்ணி!"

அல்சீரா கிளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். முள் சட்டைக்குள் இறங்கியது. காலில் விழுந்து கெஞ்சலாம். கெஞ்சினால் அவர் போய்விடுவார். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். காவலாளி அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். அவன் கையிலும் ரத்தம் வந்தது.

தடுப்புக்குப் பக்கத்தில், பறிமுதல் செய்த விறகும் கொம்புகளும் வெயிலில் குவிந்து கிடந்தன. கிளையோடு அவன் அங்கே நடந்தான். குவியலில் வீசப் போகிறான் என்று தெரிந்தது.

"தம்பி" என்றாள் அல்சீரா.

ஃபெனியாஸ் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"வெயில்ல போடாதப்பா. அவருக்குத் தலைவலி வந்துடும்."

 காவலாளி சீட்டுக் கொடுக்கும் அறைக்குப் பின்னால் போய், நிழலாகப் பார்த்து, கிளையைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். திரும்பி வந்து தடுப்பைத் தூக்கினான்.