மூணாம் நம்பருக்குப் போங்க

இருபத்து மூவாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். அவள் கம்பெனிக்குத் தரவேண்டிய பாக்கி அது. மாதம் ஆயிரத்து இருநூற்றைம்பதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் சம்பளம் என்று கையில் கொடுத்தார்கள். இப்படியே போனால் இன்னும் பத்தொன்பது மாதம்.

வாங்கிச் செலவழித்த கடன் இல்லை அது. நெடுஞ்சாலை ஓரத்தில், மின்சாரக் கார்களுக்கு வேகமாகச் சார்ஜ் ஏற்றும் இடத்தில் அவள் காவலுக்கும் பெருக்குவதற்கும் இருந்தாள். நாலு சார்ஜ் பெட்டி, மேலே தகரக் கூரை, ஒரு கழிப்பறை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு வேன் பின்வாக்கில் வந்து நாலாம் பெட்டியின் கேபிளை நசுக்கிவிட்டு நிற்காமல் போய்விட்டது. தரையில் போட்டுவைத்தது நீதான் என்று சூப்பர்வைசர் புதுக் கேபிளின் விலையை அவள் கணக்கில் எழுதினார். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. கூரைமேல் தூசி படிகிற மாதிரி அதுவும் அவள்மேல் படிந்துவிட்டது.

அன்று காலை சூப்பர்வைசர் போன் செய்தார்.

"இன்னைக்கு மார்க் போட ஆள் வருது. ஊர் ஊரா கார்ல போறவங்களுக்கு நம்ம இடம் தோதா இருக்கான்னு பார்ப்பாங்க. நூத்துக்கு அறுபதாவது வரணும். குறைஞ்சா இழுத்து மூடிடுவாங்க. உனக்கு வேலை போயிடும். பாக்கி அப்படியே நிக்கும். புரியுதா?"

"சரி சார்."

"கேட்டா மட்டும் பேசு. கேட்டாலும் நிறையப் பேசாதே."

பக்கத்து டீக்கடை அவள் தம்பியுடையது. அவனுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் புயல். அவன் ஒரு டீ போட்டு முடிப்பதற்குள் காருக்கு எண்பது சதவீதம் சார்ஜ் ஏறிவிடும்.

"என்னக்கா, பெருக்கின இடத்தையே பெருக்குறே?"

"மார்க் போட வர்றாங்களாம்."

"உனக்கா, பெட்டிக்கா?"

"பெட்டிக்குத்தான்டா."

"அதானே பார்த்தேன். உனக்குன்னா நானே வந்து ரெண்டு மார்க் குறைச்சிருப்பேன்."

வேறொரு நாளாக இருந்தால் அவளும் திருப்பி ஏதாவது கொடுத்திருப்பாள்.

மதிப்பெண் போடுகிறவர் பதினோரு மணிக்கு வந்தார். நரைத்த தலை, கையில் ஒரு டேப்லெட். சோதனைக்காக வேண்டுமென்றே எட்டு சதவீதம் மட்டும் மிச்சம் வைத்து ஓட்டி வந்திருந்தார். அவள் பழக்கதோஷத்தில் எழுந்து, "மூணாம் நம்பருக்குப் போங்க சார்" என்றாள்.

"ஏம்மா?"

"ஒண்ணும் ரெண்டும் ஒரே கரண்டைப் பங்கு போட்டுக்கும். பக்கத்துல இன்னொரு வண்டி வந்துட்டா பாதி வேகம்தான் ஏறும்."

"எங்கயாவது எழுதிப் போட்டிருக்கா?"

"இல்ல சார். நான் சொல்லுவேன்."

அவர் எதையோ தட்டிக்கொண்டார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க அந்த நாற்காலியில உட்காரணும். என்ன ஆனாலும் எழுந்திருக்கக் கூடாது. நீங்க இல்லாத மாதிரி நான் பார்க்கணும்."

அவள் உட்கார்ந்தாள்.

வெயிலில் இரண்டாம் பெட்டியின் திரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. அவர் இரண்டு கையாலும் நிழல் கட்டி எட்டிப் பார்த்தார். அந்த வேலைக்கென்று அவள் வைத்திருந்த அட்டை நாற்காலிக்கு அடியில்தான் கிடந்தது. அப்போது ஒரு குடும்பம் காரில் வந்து ஒன்றாம் பெட்டியில் நிறுத்தியது. அந்தப் பெட்டியின் கேபிள் முனைக்கு முழங்காலால் முட்டுக் கொடுத்தால்தான் காரில் பிடிக்கும். காரை ஓட்டி வந்தவர் செருகச் செருக அது கழன்று விழுந்தது.

"நான் அப்பவே சொன்னேன், முன்னாடி வந்த இடத்துலயே போட்டுக்கலாம்னு" என்றாள் அவர் மனைவி.

"சொன்னே, சொன்னே. இப்பக் குளிர்ந்துதா உனக்கு?"

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

மதிப்பெண் போடுகிறவர் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் முழங்கால் தானாக ஒருதரம் அசைந்தது. கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"சும்மா உட்கார்ந்தே சம்பளம் வாங்குறாங்க" என்று அந்த ஆள் காது கேட்கச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். காதில் விழுந்தது. அதைத் தாண்டி உள்ளே போகவில்லை.

கடைசியாக மதிப்பெண் போடுகிறவர் நாலாம் பெட்டிக்குப் போனார். அங்கே தரையில் இரண்டு கருங்கல் இருந்தன.

"இதை யார் வச்சது?"

"நான்தான் சார்."

"எதுக்கு?"

சூப்பர்வைசர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் ஒரு பொய்யைத் தேடி எடுத்துச் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"சக்கரத்துக்குத் தடுப்பே கட்டல சார். கேபிளை மாட்ட கொக்கியும் இல்ல, தரையிலதான் கிடக்கும். ஒரு வேன் ஏறிடுச்சு. அதை என் சம்பளத்துல பிடிக்கிறாங்க."

"எவ்வளவு?"

சொன்னாள். அவர் கல்லைப் படம் எடுத்தார். பெட்டிக்கும் கல்லுக்கும் நடுவே நாடா பிடித்து அளந்தார்.

"மார்க் எவ்வளவு வரும் சார்?"

"சொல்லக் கூடாதும்மா." கார்க் கதவைத் திறந்துகொண்டே நின்றார். "நீங்க எழுந்து வேலை செஞ்சிருந்தா எண்பதே போட்டிருக்கலாம். உங்களுக்குன்னு மார்க் போட இதுல கட்டம் இல்ல."

பன்னிரண்டு நாள் கழித்து ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் மேசைமேல் ஒரு கடிதத்தை விரித்து வைத்திருந்தார்.

"நாப்பத்தொண்ணு. மாசக் கடைசியோட மூடுறாங்க." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "ஏன் அந்தக் கல்லைப் பத்திப் பேசினே?"

"கேட்டாங்க சார்."

"கேபிள் போனது கட்டினவங்க தப்புன்னு எழுதிட்டாங்க. உன்கிட்ட வசூல் பண்ணக் கூடாதாம்."

"இதுவரைக்கும் பிடிச்சது? ஏழாயிரத்து ஐநூறு."

அவர் கடிதத்தை இன்னொரு தரம் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அதைப் பத்தி இதுல ஒண்ணும் போடல."

"மாசக் கடைசி வரைக்கும் வரணுமா?"

"வரணும். அதுவரைக்கும் கார் வருமில்ல."

பிறகு நோட்டில் அவள் பக்கத்தைத் திறந்து, இருபத்து மூவாயிரத்து எழுநூற்றைம்பதின் குறுக்கே பேனாவால் இழுத்தார். ஓரத்தில் 'தள்ளுபடி' என்று எழுதி நோட்டைத் திருப்பி வைத்தார். அவர் விரல் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.