பன்னிரண்டு வண்டிகளுக்கு மூன்று டப்பா

“கழட்டின பழைய பிரேக் ஆயில் எங்க சார்? எனக்குக் காட்டுங்க.”

ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த முதல் நாள் முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். வண்டியிலிருந்து கழற்றியதைக் கேட்கக் கூடாது. எப்போது முடியும் என்று கேட்கலாம், யார் செய்கிறார்கள் என்று கேட்கலாம், கழற்றியது எங்கே என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது. “மேசையில இருக்கிறவங்க மேசையப் பாத்தா போதும் பாப்பா” என்றார். மூன்று வருடமாக மேசையைத்தான் பார்த்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு, அவருடைய அறையில் நின்றுகொண்டு கேட்டுவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மலைப் பயணத்துக்கென்று அடித்து வந்த ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார். கார் வைத்திருப்பவர்களின் குழு ஒன்று எங்கள் ஒர்க்‌ஷாப்பை ஒட்டியே வளர்ந்திருந்தது. மாதம் ஒருமுறை எங்கள் காத்திருப்பு அறையில் கூடுவார்கள். யார் எதை மாற்றினார்கள், எதைப் புதிதாகப் போட்டார்கள், எந்த ரோட்டில் எப்படி ஓட்டினார்கள் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்கள் மாதிரி முகமெல்லாம் வெளிச்சமாக இருக்கும். அவர்களில் பன்னிரண்டு பேர் இன்று ஏழு மணிக்கு மலைக்குக் கிளம்புகிறார்கள். பன்னிரண்டு வண்டிக்கும் போன வாரம் எங்களிடம்தான் பிரேக் ஆயில் மாற்றினார்கள். குழுவின் செயலாளர் என் அத்தான். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். முதல் வண்டியில் அவரும் என் அக்காவும் அவர்களுடைய ஒன்றரை வயதுக் குழந்தையும் போகிறார்கள்.

நேற்று மாலை, சோதனை ஓட்டத்துக்குப் போகிறவருக்குக் காய்ச்சல். குழுவில் இருக்கும் தையல்கடைக்காரம்மாவின் வண்டி மட்டும் பாக்கி. “நீயே ஒரு ரவுண்டு போய்ட்டு வாயேன், இஞ்சினியரம்மா” என்று மெக்கானிக்குகள் சாவியைத் தூக்கிப் போட்டார்கள். கிண்டல்தான். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு எந்த வண்டிக்கு என்ன வேலை என்று ஜாப் கார்டு எழுதுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு நீளச் சரிவு இருக்கிறது. மலைக்குப் போகிற வண்டியாயிற்றே என்று நானாகவே ஆறு தடவை ஏறி இறங்கினேன், பிரேக்கில் காலை வைத்தபடியே. ஏழாவது தடவை மிதித்தபோது கால் கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. ஈரப் பஞ்சை மிதிப்பது போல. பெடல் தரையைத் தொட்டுவிட்டது, வண்டி நிற்கவில்லை. எதிரே தொட்டியின் சுவர். கை பிரேக்கை இழுத்தேன், கியரைக் குறைத்தேன், எது முதலில் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பின் சீட்டில் இருந்த இரண்டு சின்னத் தலையணைகள் முன்னால் வந்து விழுந்தன. அந்த அம்மாவின் மகள்கள் சாய்ந்துகொள்வதற்காக வைத்திருந்தவை.

இருபது நிமிடம் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு மறுபடி மிதித்துப் பார்த்தேன். பெடல் கல் மாதிரி இருந்தது. அதுதான் இன்னும் பயமாகப் போயிற்று. பழைய பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். சூடேறினால் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகும். மிதிக்கிற மிதியெல்லாம் ஆவியை நசுக்கத்தான் போதும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆறியதும் எதுவுமே நடக்காதது போல் பெடல் நிமிர்ந்துகொள்ளும். காலேஜில் இது எனக்குப் பத்து மார்க் கேள்வி. ஆனால் இந்த வண்டியில் இருப்பது புது ஆயில். மூடியைத் திறந்து பார்த்தேன், தேன் நிறத்தில் தெளிவாகத்தான் இருந்தது.

இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. விடிந்தும் விடியாமல் வந்து, பயணத்துக்காக இரவே முற்றத்தில் வரிசையாக நிறுத்தியிருந்த வண்டிகளின் சக்கரங்களுக்குப் பின்னால் போன் வெளிச்சத்தை அடித்தேன். பிரேக் ஆயிலை மாற்ற வேண்டுமானால் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சின்னத் திருகைத் தளர்த்திப் பழையதை வெளியே விட்டே ஆக வேண்டும். தையல்கடைக்காரம்மா வண்டியில் அந்தத் திருகுகளின் மேல் சேறு காய்ந்து அப்பியிருந்தது. ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. இன்னும் நான்கு வண்டிகளுக்குக் குனிந்தேன். நான்கிலும் அதே சேறு. மேலே மூடியைத் திறந்தால் கிண்ணத்தில் தெரிகிற ஆயிலை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றியிருக்கிறார்கள். குழாய் முழுக்கப் பழையது. குப்பைத் தொட்டியைக் கிளறினேன். முழுசாக மாற்ற ஒரு வண்டிக்கு ஒரு டப்பா ஆயில் வேண்டும். பன்னிரண்டு வண்டிகளுக்கு மூன்றே மூன்று காலி டப்பா.

ஜாப் கார்டின் அடியில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இருப்பது என் கையெழுத்து. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் நான். அப்பா கையெழுத்துப் போடும்போது நாக்கைக் கடித்துக்கொள்வார், எழுத்துக்கு எழுத்து மூச்சு விடுவார். நான் பன்னிரண்டு கார்டிலும் போன் பேசிக்கொண்டே போட்டேன்.

“யாரு கேக்கச் சொன்னா?” என்றார் முதலாளி.

“யாரும் சொல்லல. நேத்து தையல்கடைக்காரம்மா வண்டியில பெடல் கீழ போயிடுச்சு சார்.”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்குக் கத்த எனக்குத் தெரியும். அவர் எழுந்து என்னை முற்றத்துக்கு அழைத்துப் போனார். அந்த வண்டியின் கதவைத் திறந்து பெடலைக் கையால் அழுத்திக் காட்டினார். அசையவில்லை. “இதுவா கீழ போச்சு? நீ மிதிச்சது கிளட்சா இருக்கும்.” பக்கத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் சிரித்தான்.

“சக்கரத்துல சேறு அப்படியே இருக்கு. குப்பையில மூணு டப்பாதான் கெடக்கு.”

சிரிப்பு நின்றது. முதலாளி என்னை மறுபடி அறைக்குள் கூட்டி வந்து கதவைச் சாத்தினார்.

“ஆயில் லோடு வரல பாப்பா. லாரி வழியில மாட்டிக்கிச்சு. கையில இருந்தது மூணு. பன்னெண்டு பேரும் லீவு போட்டு, மேல ரூம் எல்லாம் சொல்லி வச்சிருக்காங்க. இல்லன்னு கைய விரிக்கச் சொல்றியா? வந்ததும் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு முழுசா மாத்திடுவேன். அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது.” குரலைத் தணித்துக்கொண்டார். “உன் பயம் எனக்குப் புரியுது. உங்க அத்தான் வண்டிய நானே கூட நின்னு செஞ்சேன். நாலு சக்கரமும் தெறந்து, பழசு ஒரு சொட்டு இல்லாம. கைக்குழந்தையோட போறாங்க, விட்டுடுவேனா?”

அப்பாடா என்று இருந்தது. குழந்தையின் தலை, சீட்டுக்கு மேல் எட்டிப் பார்க்கும் அதன் இரண்டு பல், எல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்த மாதிரி. இரண்டு மூச்சு, மூன்று மூச்சு நேரம் மற்ற பதினொரு வண்டிகள் என் நினைவிலேயே இல்லை. இதை நான் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அவர் பார்த்துவிட்டார். என் தோள் தளர்ந்ததைப் பார்த்து, “அவ்ளோதான்” என்று சிரித்தார். “போ, ஒரு டீ குடி. அப்புறம், கார்டுல இருக்கிறது யாரு கையெழுத்துன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்க.” மிரட்டுகிற குரல்கூட இல்லை. குடையை மறந்துவிடாதே என்பது போலச் சொன்னார்.

காத்திருப்பு அறையில் கூட்டம் தொடங்கியிருந்தது. நான் கதவோரம் நின்றேன். பேங்க்காரர் எழுந்து, நாலு டயரையும் மாற்றிவிட்டதாகச் சொன்னார். “வீட்டுல இனி மாத்தாதது ஒண்ணே ஒண்ணுதான்” என்று மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். “மாத்திப் பாருங்களேன், அந்த டயர்லயே ஊரை விட்டு ஓட வேண்டியிருக்கும்” என்றார் அந்த அம்மா. பல் டாக்டர் ஏசி ஃபில்டரைத் தானே கழற்றினாராம், உள்ளே ஒரு எலிக் குடும்பமே குடியிருந்ததாம். “பிடுங்கும்போது வலிச்சுதா டாக்டர்?” என்று யாரோ கேட்டார்கள். அறையே சிரித்தது. நான் அவர்களுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு, ஷூ, பேங்க்காரரின் புதுச் சாண்டல். ஒவ்வொரு வலது காலாகப் பார்த்தேன்.

தையல்கடைக்காரம்மா எழுந்தார். பழைய வண்டிதான், மூன்று மாதம் முன்புதான் வாங்கினார். “லைசென்ஸுக்கு ரெண்டு தடவ பெயிலானவ நான், அது எல்லாருக்கும் தெரியும். மலையில ஓட்டறது இதான் முதல் தடவ. சீட் கவர் நானே தச்சேன், உள்ள பாக்கெட் கூட வச்சிருக்கேன், வாந்தி வந்தா கவர் எடுக்க. எஞ்சின் சமாச்சாரம் எனக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தான் நம்ம புள்ள இருக்கே.” என்னைக் கை காட்டினார். “அது கையெழுத்துப் போட்டா நான் கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போவேன்.” எல்லாரும் கை தட்டினார்கள். என் முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது.

கடைசியாக அத்தான் எழுந்தார். புதுச் சட்டை, கழுத்தில் விசில். “ஒரே ஒரு விஷயம். எறங்கும்போது எல்லாரும் ரெண்டாவது கியர்லயே எறங்குங்க. பிரேக்க தொடாம எறங்கறதுதான் நெஜமான டிரைவிங். யாரு கம்மியா மிதிக்கிறாங்கன்னு ஒரு போட்டியே வச்சுக்கலாம்!” குஷியாகிவிட்டது கூட்டம். பரிசு என்ன, யார் நடுவர் என்று சத்தம். அத்தானின் கண் என்மேல் பட்டது. உடனே குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார்.

அவருக்குத் தெரியும்.

அக்கா நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நேற்றைய சரிவு, சேறு, மூன்று டப்பா, அத்தானின் போட்டி. பித்தானில் அவள் விரல் நின்றுவிட்டது.

“நம்ம வண்டிக்குச் செஞ்சாச்சுல்ல?”

“செஞ்சாச்சாம்.”

“அப்புறம் என்னடி?”

அவளை உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் எந்த வாயால் கேட்பது? கால் மணி நேரத்துக்கு முன்னால் முதலாளியின் அறையில் நானும் இதையேதான் நினைத்தேன், அவள் வாய்விட்டுச் சொல்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

“அந்தம்மாவோட பொண்ணுங்க ரெண்டும் பின்னாடி உக்காருவாங்கக்கா. மலையில முப்பது வளைவு இருக்கு.”

“அதான் கியர்ல எறங்கச் சொல்லிட்டாருல்ல. மெதுவா வருவாங்க.”

“அவங்களுக்கு ரெண்டாவது கியர் எங்க இருக்குன்னே பாத்துதான் போடணும்.”

அக்கா குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். “சத்தம் போடாத. இவருக்கு இங்க ஒரு பேரு இருக்கு. எல்லார்கிட்டயும் இவர்தானே சொல்லி வண்டிய இங்க விட வச்சாரு? கேஸ் கீஸுன்னு வந்தா உன்னத்தான்டி புடிப்பாங்க, கையெழுத்து உன்னுது. அப்பா ஏற்கெனவே...” முடிக்கவில்லை. அவள் கண்ணில் இருந்த பயம் எனக்குப் பழக்கமானது. சின்ன வயதில் வீட்டுக்காரர் வாடகை கேட்டுக் கதவைத் தட்டும்போது நாங்கள் இரண்டு பேரும் கட்டிலுக்குப் பின்னால் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்போது இருந்த அதே கண்.

வாய்ப்பேச்சுக்கு இங்கே வேலை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் சொன்னால் முதலாளி பெடலை அழுத்திக் காட்டுவார். பல் டாக்டர் அழுத்துவார், பேங்க்காரர் அழுத்துவார், எல்லாம் கல்லாக இருக்கும். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாத பெண் என்று சிரித்துவிட்டு ஏறிப் போவார்கள். மலை ஏறும்வரை ஒன்றும் ஆகாது. இறங்கும்போது, பத்தாவது வளைவிலோ இருபதாவது வளைவிலோ, ஒரு கால் கீழே போகும். போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கால் யாருடையது என்று மட்டும்தான் எனக்குத் தெரியாது.

ஆனால் ஒரு திருகைத் தளர்த்திப் பெடலை மிதிக்கச் சொன்னால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். கறுப்பா, தேன் நிறமா என்று பார்க்க எந்தப் படிப்பும் வேண்டாம். ஒருமுறை திறந்து குழாய்க்குள் காற்றை விட்டுவிட்டால் அந்த வண்டியை முழுசாகச் செய்து முடிக்காமல் ஒரு அடி நகர்த்த முடியாது.

எழுந்து வேலைக்கூடத்துக்குள் போனேன். மூன்று வருடத்தில் மெக்கானிக்குகளின் இடத்தைப் பிரிக்கிற மஞ்சள் கோட்டைத் தாண்டி நான் கை வைத்த முதல் பொருள், தட்டில் கிடந்த ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர். யாரோ குடித்துவிட்டு வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை, வெளியே வரும் ஆயிலைப் பிடிக்க, கொட்டிக் காலி செய்து எடுத்துக்கொண்டேன். “ஏய், எங்க கொண்டு போற?” என்றான் மெக்கானிக். முதலாளி அறை வாசலுக்கே வந்துவிட்டார். “பாப்பா. அத கீழ வை. உள்ள வா.” இந்த முறை அவர் குரல் நடுங்கியது. நான் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மட்டும் நாக்கில் பத்திரமாக வைத்திருந்தேன். இந்தக் கையெழுத்து என்னுடையது, நான் எதையும் பார்க்காமல் போட்டேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அத்தானின் விசில் ஊதிவிட்டது. ஆட்கள் ஏறிக் கதவுகள் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்டது. பின்னால் அக்கா என் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். கேட்டைப் பார்த்து வரிசையாக நின்ற பன்னிரண்டு வண்டிகளில், கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவராகப் பிரேக்கை மிதித்துப் பார்த்தார்கள். காலை வெளிச்சம் இன்னும் முழுதாக வரவில்லை. பின்விளக்குகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று என்னை நோக்கிச் சிவந்துகொண்டே வந்தன.