ஜன்னலில் கிடக்கும் போன்

மூன்று வருடமாகத் தன்னந்தனியாக உலகம் சுற்றுகிறவனுக்கு அன்று காலை ஆறு எண்கள் தேவைப்பட்டன. அவை அக்காவின் சமையலறை ஜன்னலுக்குத்தான் வரும்.

கார்டில் எதைக் கட்டினாலும் வங்கி அவனுடைய பழைய போனுக்கு ஓர் ஆறு இலக்க எண்ணை அனுப்பும். அந்த சிம் வெளிநாட்டில் வேலை செய்யவில்லை என்பதால் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தான். வங்கியில் எண்ணை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நேரில் வர வேண்டும், முகவரிச் சான்றோடு. நேரில் வர முடிகிறவன் எதற்காக எண்ணை மாற்றப்போகிறான் என்று கேட்டு ஒருமுறை எழுதினான். நேரில் வரவும் என்று பதில் வந்தது.

ஆகவே எந்த மூலையில் டிக்கெட் எடுத்தாலும் அக்காவைக் கூப்பிடுவான். அந்த வீட்டில் சிக்னல் சமையலறை ஜன்னலில் மட்டும்தான் எடுக்கும். அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, அவள் முதலில் கேட்பது "சாப்டியா?" அப்புறம் துணி யார் துவைக்கிறார்கள், படுக்கையில் மூட்டைப்பூச்சி இல்லையே, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது. எண்ணுக்கு ஆயுள் ஐந்து நிமிடம். அதில் நான்கு அக்காவுடையது. வந்த எண்களையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்திருந்தாள். "பழசு ஏதாவது வேணும்னா கேளுடா, எல்லாம் பத்திரமா இருக்கு" என்பாள். அவை செத்துப்போன எண்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வந்ததில்லை.

இணையத்தில் அவன் எழுதிவந்த பக்கத்தில் இந்த ஜன்னலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 'பயப்படாமல் கிளம்புங்கள். ஒரு பை, இரண்டு செட் துணி போதும். யாரும் தேவையில்லை' என்றுதான் இருந்தது. அதைப் படிக்க இருபதாயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் கிளம்பினார்கள் என்று அவன் யோசித்ததில்லை.

விடுதியின் ஆறு பேர் அறையில், மேல் கட்டிலில், காயாத காலுறைகளுக்குக் கீழே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். விசா அன்றோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் குடியேற்ற அலுவலகத்தில் நேர்காணலுக்கு இடம் பிடிக்க வேண்டும். தினம் ஒன்பது மணிக்குத் திறப்பார்கள்; கண் சிமிட்டுவதற்குள் தீர்ந்துவிடும். எட்டு நாளாகக் கிடைக்காதது அன்றைக்குக் கிடைத்துவிட்டது. பதினைந்து நிமிடத்துக்குள் கட்டணம் கட்டினால் இடம் அவனுடையது. இல்லையென்றால் அன்று நள்ளிரவுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். பக்கத்து நாட்டு விசாவுக்கு இருபது நாள் ஆகும். கையிலிருந்த காசுக்கு எட்டிய தூரத்தில், முன்கூட்டிக் கேட்காமல் அவனை உள்ளே விடும் நாடு ஒன்றுதான். அதிலிருந்துதான் அவன் கிளம்பி வந்திருந்தான்.

திரும்பிப் போனால் மறுபடி கிளம்ப மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும். தைரியம் வாழ்க்கையில் ஒரு தடவைதான் வந்தது, அதுவும் ஒரு கோபத்தோடு சேர்ந்து வந்தது. கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

அக்காவின் போன் கிடைக்கவில்லை. பழைய போனும் கிடைக்கவில்லை. அத்தானைக் கூப்பிட்டான்.

"சொல்லுங்க மாப்ளே, இன்னிக்கு எந்த நாடு?"

"அத்தான், அக்காவைக் கூப்பிடுங்க. நம்பர் வந்திருக்கும்."

"அக்கா இல்லையே. மலைப்பக்கம் போயிருக்கா."

"யார்கூட?"

"தனியா."

"அக்காவா?"

"எல்லாம் உங்க வேலைதான். நீங்க எழுதறதை ராத்திரி சாப்பாட்டோட எனக்குப் படிச்சுக் காட்டுவா. பயப்படாம கிளம்புங்கன்னீங்க. கிளம்பிட்டா. ஒரு பை, ரெண்டு செட் துணி. யாரும் தேவையில்லன்னும் எழுதியிருந்தீங்களாம், அதைத்தான் என்கிட்ட ரெண்டு தடவை படிச்சா."

"என் போன் எங்க அத்தான்?"

"அதையும் எடுத்துட்டுப் போயிட்டா. தம்பிக்கு எந்த நேரமும் நம்பர் தேவைப்படுமாம். நோட்டும் பையிலதான் இருக்கு."

"ரெண்டுமே கிடைக்கலையே."

"மலை மேல எப்படிக் கிடைக்கும்? சிக்னல் இல்லாத இடந்தான் சொர்க்கம்னு யாரோ எழுதியிருந்தாங்க." கொஞ்சம் நிறுத்தி, "இருங்க மாப்ளே, என்னமோ தீயுது" என்று வைத்துவிட்டார்.

ஏழு நிமிடம் இருந்தது. எண்ணை இன்னும் இரண்டு முறை அனுப்பச் சொல்லி அழுத்தினான். படியில் இறங்கி ஓடி, வரவேற்பு மேசையில் சாவிகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், அவள் கார்டில் கட்ட முடியுமா என்று கேட்டான்.

"விண்ணப்பம் யார் பேர்ல இருக்கோ அவங்க கார்டுதான் செல்லும். வாரத்துக்கு ஒருத்தர் இப்படி ஓடி வர்றீங்க" என்றாள். பிறகு, திட்டியது போதும் என்று தோன்றியதோ என்னவோ, "வீட்டுல யாரும் இல்லையா?" என்றாள்.

அவன் கையோடு கொண்டுவந்த லேப்டாப்பைப் பார்த்தான். திரை தானாக மாறியது. தங்கள் இடம் அடுத்தவருக்கு விடுவிக்கப்பட்டது. யாரோ ஒருவர் எங்கோ ஓர் அறையில் அந்த நிமிடம் துள்ளிக் குதித்திருப்பார்.

மத்தியானம் மூன்று மணிக்கு, ஈரக் காலுறைகளைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். பின்னால் காற்று இரைந்தது.

"டேய், இப்பதான் சிக்னல் வந்தது. மூணு நம்பர் வந்திருக்கு, எது வேணும்? முதல்ல வந்தது நாலு, ஜீரோ, ஏழு..."

மூன்றையும் சொல்லவிட்டான்.

"எழுதிக்கிட்டியா? கேளு, நான் நேத்து ஒரு ரூம்ல தனியா தூங்கினேன்டா. தாழ்ப்பாளை நானே போட்டேன். காலையில நானே திறந்தேன். கதவுக்கு வெளியே மேகம். யாரும் காபி கேக்கல."

"சாப்டியாக்கா?" என்றான். மூன்று வருடத்தில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சாப்டேன், சாப்டேன். லேட்டாயிடலையே? ஆயிருந்தா மறைக்காம சொல்லு. இன்னிக்கே இறங்கிடறேன். இனிமே அந்த ஜன்னலை விட்டு நகர மாட்டேன்."

அவன் காலுறைப் பையின் முடிச்சை இறுக்கினான். இந்தப் பக்கம் எதிர்க் கட்டில்காரனின் குறட்டை, அந்தப் பக்கம் காற்று. அக்கா காத்திருந்தாள். அவளால் இவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"சரியான நேரத்துக்குத்தான் வந்ததுக்கா. வேலை முடிஞ்சுது."

"அப்பாடா!"

"நான் ஊருக்கு வரலாம்னு பாக்கறேன். சும்மா, தோணிச்சு."

"இப்பவா? நான் வர பத்து நாள் ஆகுமேடா. வா, வா. உங்க அத்தானுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. நீதான் எல்லாம் தனியா பண்ணிப் பழகினவனாச்சே, அவரைப் பாத்துக்கோ."

"சரிக்கா. டிக்கெட் போடறேன், இப்ப ஒரு நம்பர் வரும். அங்கேயே கொஞ்சம் நில்லு."

நின்றாள். எண் வந்தது. துணியைப் பற்றியோ மூட்டைப்பூச்சியைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு விடாமல் ஆறையும் சொல்லிவிட்டு, "வெக்கிறேன்டா, பஸ் எடுக்கறான்" என்றாள்.

எண்ணின் ஆயுளில் இன்னும் நாலரை நிமிடம் பாக்கி இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.