ரோஸ்மேரி இறங்குவதற்கு முன்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது தூக்கத்தில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து சட்டையைப் பிடிக்கக் கூடாது. 2005-இல் பெரிய ஷிப்மென்ட் ஒன்று போன கையோடு எங்கள் பனியன் கம்பெனியில் லீவு விட்டார்கள். துணியில் ஓட்டை பார்க்கும் செக்கிங் டேபிளில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நாங்கள் மூன்று பேர், மாரப்பனின் ஆம்னி வேனைப் பிடித்துக் கன்னியாகுமரி போனோம். திரும்பும் வழியில், பின்சீட்டில் அரைத் தூக்கத்தில் கிடந்தபோது காதில் விழுந்த பேச்சுதான் இது.

2

தொடக்கம்: 'திருப்பூரில் அன்று மழை கொட்டிக்கொண்டிரு—'

பொய். வெயில் மண்டையைப் பிளந்தது.

'வாழ்க்கை என்பதே ஒரு நெடும்பய—'

ஐயய்யே! [அடித்தது தெரியட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்.]

போகும்போது, வெள்ளகோவில் தாண்டியதும் ரோஸ்மேரி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டாள். இது உண்மை. ஆனால் கதை அங்கே இல்லை.

3

ரோஸ்மேரி சாத்தான்குளம் பக்கம். எங்களில் மூத்தவள், எங்களை 'ஏளா' என்றுதான் கூப்பிடுவாள். தமிழ்மதி அவிநாசிக்காரி. கோபம் வந்தால்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள். நான் திருப்பூர் லைன் வீட்டில் வளர்ந்தவள், இரண்டு பேச்சும் எனக்கு அத்துப்படி. அவர்களுக்கோ நாலு வருஷம் ஒரே டேபிளில் நின்றும் ஒருத்தி பேச்சு இன்னொருத்திக்கு முழுசாகப் புரியவில்லை. [பயணம் பாடம் சொல்லும் என்பார்களே, எனக்குக் கிடைத்த ஒரே பாடம் அது.]

4

ஆரல்வாய்மொழிக் காற்றாடிகளைப் பார்த்துக்கொண்டே கண் சொருகிவிட்டது. கனவில் அவை மெதுவாகச் சுற்ற, வானத்திலிருந்து வெள்ளைப் பனியன் துணி இறங்கிக்கொண்டே இருந்தது. நான் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். துணி முடியவே இல்லை. எங்கோ வண்டி நின்றது.

நாங்குநேரி. ரோஸ்மேரியின் ஊருக்குப் பிரியும் ரோடு. அவள் அம்மா மாப்பிள்ளை பார்த்துவைத்து, இந்தத் தடவை வந்தால் போகவே கூடாது என்று சொல்லியிருந்தாள்.

"ஏளா மதி, நான் இங்கனயே இறங்கிரட்டா? இல்ல, உங்ககூட திருப்பூருக்கே வந்திரட்டா?"

"உங்க இஷ்டமுங்க்கா."

அவ்வளவுதான். தமிழ்மதியின் ஊரில் அது மரியாதை, உங்கள் முடிவில் நான் குறுக்கே வர மாட்டேன் என்று அர்த்தம். ரோஸ்மேரியின் ஊரில் அது கைகழுவி விடுவது.

"சரிளா."

கதவு சர்ரென்று நகர்ந்தது. நான் விழித்தபோது அவள் இருந்த இடம் காலி. தமிழ்மதி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள்.

"போலாமா கண்ணு?" என்றார் மாரப்பன்.

5

முடிவு, என் விருப்பப்படி: தமிழ்மதி "போகாதீங்க்கா" என்று கையைப் பிடிக்கிறாள். ரோஸ்மேரி கதவை இழுத்து மூடுகிறாள். வண்டி திருப்பூருக்குத் திரும்புகிறது.

இப்படி எழுதிய தாளை எடுத்துக்கொண்டு திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனேன். தமிழ்மதி இப்போது அங்கே பனியன் கடை வைத்திருக்கிறாள். கல்லாவில் நின்றபடியே படித்தாள்.

"ஏனுங், அக்காவ எதுக்குத் திருப்பூருக்குக் கூட்டியாந்தீங்க? ரெண்டு புள்ளைகளோட அவங்க அங்க நல்லாத்தானுங்க இருக்கறாங்க. எறங்கிப் போகட்டுமுங்க."

"அவ எறங்கத்தான் போறான்னா, அப்புறம் எதுக்கு நீ 'போகாதீங்க'ன்னு சொல்லணும்?"

"அதைய நா சொல்லோணுமுங்க. போறதுக்கு முந்தி அவங்க காதுல உளுந்திருக்கோணும். தன்னைய நாம வேண்டாம்னு உட்டுட்டோம்னு நெனச்சுட்டே எறங்கிப் போனாங்கள்ல..."

"போன் போட்டு இப்பச் சொல்லேன்."

"இப்பச் சொன்னா வெறும் பேச்சுங்க. அப்பச் சொல்லியிருந்தா—"

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. எனக்கும் முடிக்க வரவில்லை.

6

ஆகவே வண்டியை மறுபடி நாங்குநேரியில் நிறுத்தியிருக்கிறேன். மாரப்பன் டீக்கு இறங்கிவிட்டார். என்னை நம்பாதீர்கள், நான் தூங்குகிறேன். தமிழ்மதிக்கு 'உங்க இஷ்டமுங்க்கா'வுக்கு மேல் வராது. ரோஸ்மேரி இறங்கத்தான் போகிறாள், அதில் மாற்றமில்லை. ஆனால் கதவு இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது. ஒரு காலைக் கீழே வைத்துவிட்டு, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று திரும்பிப் பார்க்கிறாள்.

உங்களைத்தான் பார்க்கிறாள். 'ங்க' போட்டோ, போடாமலோ, சட்டென்று சொல்லிவிடுங்கள்.