மாறிலிச் சார்பு

‘தூய சார்பு’ என்று ஒரு பத்திரிகை இருக்கிறது. எந்தக் கட்சியின் சார்பு என்று கேட்டு இதுவரை ஆறு கடிதங்கள் வந்திருக்கின்றன. கட்சியெல்லாம் இல்லை. கணக்குப் பாடத்தில் வருகிற சார்புதான். ஒன்றை உள்ளே கொடுத்தால் ஒன்று வெளியே வரும். அதையே எத்தனை தடவை கொடுத்தாலும் இதுவேதான் வரும், போகிற வழியில் வேறு எதையும் தொடாது, தட்டிவிடாது என்றால் அது தூய சார்பு. வழியில் எதையாவது தொட்டால் அதற்குப் பெயர் பக்கவிளைவு. கணினி நிரல் முழுவதையும் தூய சார்புகளால் மட்டுமே எழுதவேண்டும் என்று நம்புகிற நூற்றுப்பதினான்கு பேர் சேர்ந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் வெளியிடுகிற இதழ் அது. நூற்றுப்பதினான்கு பேரும் எழுதுவார்கள். யார் படிப்பது என்ற கேள்வியை ஆசிரியர் குழு இதுவரை எழுப்பியதில்லை.

படிக்கிற ஆள் ஒருத்தி இருந்தாள். மாறிலியின் மனைவி.

மாறிலி என்பது அவனுடைய புனைபெயர். என்ன நடந்தாலும் மதிப்பு மாறாத எண்ணுக்குக் கணக்கில் அப்படிப் பெயர். வேலை, பல் மருத்துவர்களுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில். அங்கே எழுதப்படும் நிரல் அத்தனையும் குப்பை என்பது அவன் கருத்து. அதில் பாதி அவன் கொட்டியது என்பது சக ஊழியர்களின் கருத்து. ஆனால் ‘தூய சார்பு’ என்று வந்துவிட்டால் ஆள் வேறு. மற்றவர்கள் அனுப்பும் கட்டுரைகளைப் பரிசீலிப்பவனும் அவன்தான். “இதை எழுதியவருக்கு விரல்கள் உண்டு என்பது மட்டும் நிரூபணமாகிறது” என்று ஒரு விரிவுரையாளருக்கு எழுதியனுப்பினான். அவர் இப்போது தோட்டக்கலை இதழில் எழுதுகிறார். நன்றாகவே எழுதுகிறார்.

மனைவி மருந்தாளுநர். இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருந்தாள். மருத்துவர்களின் கையெழுத்தைப் படித்துப் பழகியவள் என்பதால் கணவனின் கட்டுரைகளும் அவளுக்குப் பெரிய தொல்லையாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் வெளியாவதற்கு முன்பே வாங்கிச் சிவப்புப் பேனாவால் ஒற்று போட்டுத் தருவாள்.

“தூய்மை தூய்மைன்னு பக்கம் பக்கமா எழுதுற. ஒரு இடத்துலயாவது ‘க்’ போடத் தெரியுதா உனக்கு?”

“கருத்தைப் பாரு.”

“கருத்து எங்க இருக்குன்னு சொல்லு, பாக்குறேன்.”

பதினோரு இதழ்கள் இப்படிப் போயின. பன்னிரண்டாவது இதழுக்கு எழுதியதை மட்டும் அவன் அவளிடம் காட்டவில்லை. “இந்தத் தடவை எழுதல” என்று சொல்லிவிட்டான். காரணம், ஒரு நகைச்சுவை.

பக்கவிளைவை விளக்க அவனுக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. மேதைகள் உதாரணத்துக்கு வெகுதூரம் போகமாட்டார்கள். இவன் சமையலறை வரைக்கும் போனான். ‘என் மனைவியை கடைக்கு அனுப்பினால் பால் மட்டும் வரவேண்டும். வருவதோ பால், அதோடு இரண்டு திரைச்சீலைகள், எதிர்வீட்டுக்காரருக்கு மூட்டுவலி என்ற செய்தி, போகிற போக்கில் என் மேசையில் நடந்த ஒழுங்குமாற்றம். தூய சார்பு இப்படிச் செய்யாது. ஆகவே என் மனைவி தூய்மையற்றவள்.’

எழுதி முடித்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தான். தொழில்நுட்பப்படி அந்த வாக்கியம் துல்லியமானது. பக்கவிளைவு உள்ள சார்பு தூய்மையற்ற சார்பு, மனைவி பக்கவிளைவு உள்ளவள், எனவே. தமிழ் தெரிந்த ஒரு குழந்தை அதைப் படித்திருந்தால்கூட நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கும். ஆசிரியர் குழுவில் குழந்தைகள் இல்லை. நான்கு பெரிய மனிதர்கள் வரிவரியாகப் பரிசீலித்தார்கள். ‘தூய்மையற்ற’ என்பதா, ‘தூய்மையில்லாத’ என்பதா என்று நாற்பத்தேழு செய்திகள் பரிமாறிக்கொண்டார்கள். ‘மனைவி’ என்ற சொல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது கலைச்சொல் அல்லவே.

இதழ் ஒரு சனிக்கிழமை காலையில் வெளியானது. கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அவள் வழக்கம்போல் படித்தாள். மதியம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடியே கேட்டாள்.

“சாப்பிட்டீங்களா?”

பத்தொன்பது வருடமாக ‘நீ’தான். ஒரே வகுப்பில் படித்தவர்கள். ‘நீங்க’ இதற்குமுன் இரண்டே தடவை வந்திருக்கிறது: அவள் அப்பாவின் அறுவைச் சிகிச்சை நாளை இவன் மறந்தபோது ஒருமுறை, அதை நினைவூட்டவில்லையே என்று அவளையே குறை சொன்னபோது இன்னொருமுறை. இந்த வீட்டில் மரியாதை ஏறுகிறது என்றால் மூட்டையைக் கட்டவேண்டிய நேரம்.

சாப்பாட்டு மேசையில் கட்டுரையின் அச்சுப்படி இருந்தது. இருபத்துமூன்று இடங்களில் சிவப்பு மை. அந்தப் பத்தியையும் அவள் விட்டுவைக்கவில்லை. ‘மனைவியை கடைக்கு’ என்ற இடத்தில் நடுவே ஒரு ‘க்’ சேர்த்திருந்தாள். அவ்வளவுதான். அவளைக் கேவலப்படுத்துவதையாவது பிழையில்லாமல் செய்யட்டும் என்று.

“அது டெக்னிக்கலா...” என்று ஆரம்பித்தான்.

“புரியுதுங்க,” என்றாள் அவள். “கடைக்குப் போகணும். நீங்க ரெஸ்ட் எடுங்க.”

அவன் ரெஸ்ட் எடுக்கவில்லை. ஆசிரியருக்குப் போன் போட்டான். ஆசிரியருக்கு இதழ்வட்டாரத்தில் அடைப்புக்குறி என்று பெயர். ஒரு கதைக்குள் இன்னொரு கதையைத் திறப்பார், எதையும் மூடமாட்டார்.

“ஒரே ஒரு வரியை எடுத்துடுங்க. ஒரே வரி.”

“தலைவரே! நீங்களா கேக்குறீங்க? முதல் இதழ், நாலாம் பக்கம். வாசிக்கட்டுமா?”

“வேணாம்.”

“‘வெளியானது மாறாது. மாற்றத் துடிப்பவன் கோழை. பிழையோடு வாழப் பழகுங்கள்.’ என்ன எழுத்து தலைவரே! என் மேசைக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன்.”

நிரலில் ஒருமுறை வைத்த மதிப்பை மாற்றக்கூடாது என்பது இவர்கள் கொள்கை. அதையே பத்திரிகைக்கும் சட்டமாக்கவேண்டும் என்று முதல் இதழில் முழங்கியவன் சாட்சாத் மாறிலிதான். அப்போது கைதட்டல்கூடக் கிடைத்தது.

“அது பொதுவா எழுதினதுங்க.”

“கொள்கைன்னா பொதுவாத்தான இருக்கும்?”

“வீட்டுல முகம் குடுத்துப் பேசமாட்டேங்குறா.”

அடைப்புக்குறி உண்மையான அனுதாபத்தோடு பெருமூச்சு விட்டார். “அது பக்கவிளைவு தலைவரே. நம்ம கையில இல்ல. வேணும்னா சட்டப்படி ஒண்ணு பண்ணலாம். பழசைத் தொடாம, புதுசா ஒரு திருத்த அறிவிப்பு சேர்க்கலாம்.”

மூழ்குகிறவன் எதைத்தான் பிடிக்கமாட்டான்? சரி என்றான். அறிவிப்பின் வாசகத்துக்காகக் குழு மூன்று நாள் உழைத்தது. ‘அல்ல’வா, ‘அல்லள்’ஆ, ‘இல்லை’யா என்பதில் இருவர் விலகும் நிலைக்குப் போய்த் திரும்பினார்கள். புதன்கிழமை இதழின் முகப்பில், நட்டநடுவில், பெரிய எழுத்தில் வந்தது:

‘திருத்தம்: சென்ற வாரம் மாறிலியின் மனைவி தூய்மையற்றவள் என்று வெளியிட்டிருந்தோம். மறுபரிசீலனையில் அவ்வாறு நிரூபிக்கப் போதிய ஆதாரம் இல்லை எனத் தெரிகிறது.’

அதுவரை அந்தக் கட்டுரையைப் படிக்காத நூற்றொன்பது பேரும் தேடிப்போய்ப் படித்தார்கள். பத்திரிகை வரலாற்றில் முதல்முறையாக ஒரு கட்டுரைக்கு வாசகர்கள் கிடைத்தார்கள்.

அன்றோடு ‘நீங்க’வும் போயிற்று. அதன்பிறகு வந்தவை ஆளே இல்லாத வாக்கியங்கள். “சாப்பாடு மேசைல இருக்கு.” “சாவி எடுத்தாச்சா?” யாரையும் குறிப்பிடாமல் குடித்தனம் நடத்துவதற்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் தமிழில் தயாராக இருப்பதை மாறிலி அந்த வாரம்தான் கவனித்தான். அவனுக்கு வலித்தது. அவன் எழுத்தில் அக்கறை காட்டியவள் மொத்தத்தில் ஒருத்திதான். அவளைத்தான் அவன் உதாரணமாக்கித் தொலைத்தான். மற்ற நூற்றுப்பதின்மூன்று பேருக்கு அவன் செத்தால்கூட, ‘செத்தார்’ என்பதா ‘இறந்தார்’ என்பதா என்றுதான் வாக்கெடுப்பு நடக்கும்.

அடுத்த சனிக்கிழமை காலை அடைப்புக்குறியிடமிருந்து ஒரு கட்டுரை வந்தது. ‘புது ஆள், தலைவரே. மருந்தாளுநராம். பக்கவிளைவு பற்றி. வழக்கம்போல் கிழித்துத் தொங்கவிடுங்கள்.’

பெயர் இல்லை. இரண்டாவது வரியில் மாறிலிக்கு எழுதியவர் யாரென்று தெரிந்துவிட்டது. எல்லா ஒற்றும் இருந்தன.

‘பக்கவிளைவு இல்லாத மாத்திரை ஒன்று உண்டு. வெறும் மாவில் செய்தது. நோயையும் அது தொடாது. நோயாளிகள் அதைக் கேட்டு வருவதில்லை’ என்று கட்டுரை தொடங்கியது. நடுவில் இப்படி இருந்தது:

‘தூய சார்புக்கு என் வீட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பால் தீர்ந்துவிட்டது என்று உள்ளே கொடுத்தால் “ம்” என்று வெளியே வரும். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றாலும் “ம்”. எனக்குக் காய்ச்சல் என்றாலும் “ம்”. எதைக் கொடுத்தாலும் ஒன்றையே திருப்பித் தருவதற்குக் கணக்கில் மாறிலிச் சார்பு என்று பெயர். நடுவில் ‘ச்’ வரும். பத்தொன்பது வருடமாகச் சோதித்துவிட்டேன். மாசுமருவற்ற தூய்மை. வெளியுலகில் எதையும் அது தொடுவதில்லை. குழாயையும்.’

கீழே வழக்கமான மூன்று கட்டங்கள்: ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், நிராகரிக்கலாம். மாறிலியின் சுட்டுவிரல் பழக்கதோஷத்தில் மூன்றாவதன்மேல் போய் நின்றது. நிராகரித்தால் அடைப்புக்குறி ஏன் என்று கேட்கமாட்டார். வெளியானால் ஒருபோதும் மாறாது. நூற்றுப்பதினான்கு பேரும் படிப்பார்கள், இப்போதுதான் படிக்கப் பழகியிருக்கிறார்களே.

இன்னொரு தடவை படித்தான், குற்றம் கண்டுபிடிக்கத்தான். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. நகைச்சுவை அவனுடையதைவிட நன்றாக இருந்தது. அது வேறு எரிச்சல். காய்ச்சல் என்ற இடத்தில் மட்டும் கண் நின்றது. போன மாதம். அவள் மூன்று நாள் படுத்திருந்தாள். அந்த மூன்று நாளில் அவன், கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான். மாற்றமே இல்லாத உலகம் எவ்வளவு அழகானது என்று.

பரிசீலகரின் கடமை தகவல்களைச் சரிபார்ப்பது. எழுந்து சமையலறைக்குப் போனான். குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அடியில் அவள் ஒரு கிண்ணம் வைத்திருந்தாள். அந்தக் கிண்ணம் அங்கே எத்தனை நாளாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கடைக்குப் போய் வாஷர் வாங்கிவந்தான். ஸ்பேனரைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினான். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்து, “மொதல்ல மெயின் வால்வ மூடுங்க சார்!” என்று கத்தியது, குழாயைக் கழற்றிய பிறகுதான் அவன் காதில் விழுந்தது. தண்ணீர் கூரையைத் தொட்டது. அலமாரியைத் தொட்டது. புதுத் திரைச்சீலைகள் இரண்டையும் தொட்டது. மூட்டுவலியோடு எதிர்வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டே ஓடிவந்து வால்வை மூடினார். மூட்டுவலி உண்மைதான் போலிருக்கிறது.

ஈரச்சட்டையோடு உட்கார்ந்து பரிசீலனைக் குறிப்பை எழுதினான். ‘தகவல்பிழை ஒன்று: குழாய் இப்போது ஒழுகவில்லை. மற்றவை அனைத்தும் சரி. ஒரு சொல்லையும் மாற்றவேண்டாம்.’ முதல் கட்டத்தை அழுத்தினான். ‘தூய சார்பு’க்கு வந்த கட்டுரை எதையும் அவன் அப்படி ஏற்றதில்லை, தன்னுடையவை நீங்கலாக.

மதியம் அவள் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். கையிலிருந்த போனில் வந்திருந்த பரிசீலனைக் குறிப்பைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிழிந்து தொங்கிய திரைச்சீலைகளைப் பார்த்தாள். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள், மூடினாள். சொட்டவில்லை. காலிக் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

“இதுக்குப் பேரு என்ன?” என்றாள் தரையைக் காட்டி.

‘ம்’ என்பது தொண்டைவரை வந்தது. விழுங்கினான்.

“பக்கவிளைவு.”

“நடுவுல ஒற்று வருமா?”

அவன் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். பதினோரு இதழ்களின் சிவப்பு மை முழுவதும் கண்ணெதிரே ஓடியது.

“வராது.”

“பரவால்ல,” என்றாள் அவள், தரை துடைக்கும் துணியை எடுத்து அவன்மேல் வீசி. “தேறிட்ட.”

தேறிட்ட. அந்தச் சொல்லின் வாலில் ‘ங்க’ இல்லை. மாறிலி முட்டிபோட்டுத் துடைக்க ஆரம்பித்தான்.